வாய் ஓயாத மாப்பிள்ளை

“ஏழெட்டு எவ்வளவு?”

“அம்பத்தாறு.”

“நம்ம கல்யாணம் என்ன கிழமை?”

“புதன். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. எனக்குப் புதன் கிடைச்சது, பொன்னைத்தான் காணோம்.”

கொட்டகை வாசலில் கைப்பையோடு நின்ற அக்காவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

உள்ளே, நாலு டயர் மேல் அந்தப் பழைய ஃபைபர் படகு உட்கார்ந்திருந்தது. குறுக்குப் பலகையில் தங்கையின் புருஷன், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தங்கையின் இடுப்பும் இரண்டு கால்களும்தான் தெரிந்தன. மீதியெல்லாம், தளத்தில் வெட்டிய சதுர ஓட்டைக்குள் தலைகீழாக.

தளத்துக்கு அடியில், கசிகிற தண்ணீரெல்லாம் வந்து தேங்குகிற பள்ளம் அது. எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, நாலு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்றுதான் வெள்ளை பெயின்ட் அடிக்கிறாள். அவர் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு, எல்லா வேலையும் அவள்தான். அடுத்த வாரம் படகைச் சோதிக்க ஆள் வருகிறார். அவர் தலையாட்டினால்தான் ஆற்றில் சவாரி ஏற்ற முடியும்.

“வாங்க அக்கா, உட்காருங்க” என்றார் மாப்பிள்ளை. சொன்னாரே தவிர, முகத்தைத் திருப்பவில்லை. “ஏய், நம்ம வீட்டுக்கு எத்தனை படி?”

“ஒன்பது.”

“தப்பு. பத்து.”

“உடைஞ்சதையும் சேர்த்தா பத்து.”

“சரி, அஞ்சு நிமிஷம் ஆச்சு. வெளியே வா.”

“இந்த மூலை மட்டும்ங்க. பாதியில விட்டா கோடு தெரியும்.”

“அப்போ பேசிக்கிட்டே அடி. உங்க அப்பாவுக்கு என்ன வயசு?”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதவி செய்யத்தான் கால் இல்லை, வாயையாவது மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா?

“முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்தவ நான். ஒரு பிள்ளையைக்கூட இப்படிக் கேள்வி கேட்டு வாட்டினதில்லை, மாப்பிள்ளை.”

படகுக்குள் ஓட்டையைப் பார்த்து வைத்திருந்த மேசை ஃபேன் கடகடவென்று அலறிக்கொண்டிருந்தது. அவள் பேச்சு அதில் பாதி அடிபட்டுப் போனது. சுவரில் கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச். பட்டென்று அணைத்தாள்.

“இப்போ காது கேக்குதா?”

“அக்கா, ஃபேனைப் போடுங்க.”

“போடறேன். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. சின்ன வயசுலேருந்தே அவ யாரையும் எதிர்த்துப் பேச மாட்டா. வாயில்லாப் பூச்சி. அதுக்காக மாடு மாதிரி வேலையும் வாங்கி, மேலே உட்கார்ந்து அதிகாரமும் பண்ணா எப்படி?”

அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

“ஒன்பதாறு எவ்வளவு?”

பதில் இல்லை.

“உன்னைத்தான் கேக்கறேன். ஒன்பதாறு?”

“வெள்ளை…” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், தூக்கத்தில் பேசுவது போல.

“பாருங்க, அவளைக் குழப்பியே விட்டுட்டீங்க” என்றாள் அக்கா.

சொல்லி முடிப்பதற்குள் அவர் மாவுக்கட்டுக் காலோடு தொப்பென்று தளத்தில் விழுந்து, தங்கையின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் தலை துணி பொம்மை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. உதடு வெளுத்திருந்தது.

“அக்கா, காலைப் பிடிங்க. வெளியே காத்துக்குக் கொண்டுபோகணும்.”

கைப்பை எங்கே விழுந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. இருவரும் தூக்கினார்கள். அவர் உடைந்த காலையும் ஊன்றித்தான் நடந்தார்.

வெட்டவெளியில் போட்டு, மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்கள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் அவர் மூச்சு விட்டார். மாவுக்கட்டு முழங்காலுக்குக் கீழே பிளந்திருந்தது.

“குறுகலான இடம் அக்கா” என்றார், தணிந்த குரலில். “பெயின்ட் நெடி வெளியே போக வழியில்லாம அங்கேயே நிக்கும். தலைக்கு ஏறினா ஏறினவங்களுக்கே தெரியாது. முதல்ல பேச்சுதான் தடுமாறும். அந்த ஓட்டைக்குள்ள என் தோள் நுழையலை, அவதான் போயாகணும். அதான் விடாம பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சா பயந்து வேலையை நிறுத்திடுவீங்கன்னு அவதான் சொல்ல வேண்டாம்னா.”

அக்கா தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“ஃபேன் ஓடிக்கிட்டுதானே இருந்தது? திடீர்னு காத்தே இல்லாமப் போச்சு. யார் அணைச்சது?”

அக்கா வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“நான்தான், தெரியாம கை பட்டுடுச்சு. திட்டணும்னா என்னைத் திட்டு.”