வாங்க மறுத்த கவர்

"யாருக்கு வேணா குடு தம்பி. ரூம் கிளீன் பண்றவனுக்கு மட்டும் கையில ஒத்தப் பைசா குடுக்காத" என்றார் அய்யாவு.

போனில் குறித்துக்கொண்டிருந்த பரத்தின் விரல் நின்றது. அடுத்த மாதம் அவன் மனைவியோடு முதன்முறையாகக் கப்பலில் சுற்றுலா போகிறான். யார் யாருக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது என்று கேட்கத்தான் ஆபீஸ் நண்பன் கிரணைத் தேடி லிங்கராஜபுரத்தில் அவன் வீடு வரை வந்திருந்தான். கிரண் போன மாதம்தான் அப்பா அம்மாவை சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து ஐந்து நாள் கப்பலில் சுற்றிக் காட்டிவிட்டு வந்தவன்.

"நீங்களா அங்கிள் இப்படிச் சொல்றீங்க?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கிரணின் அப்பா அய்யாவு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் முப்பத்து நான்கு வருஷம் சாப்பாடு பரிமாறும் பேரராக இருந்தவர். கிரணின் இன்ஜினியரிங் ஃபீஸில் பாதி, சாப்பிட்டு எழுந்தவர்கள் தட்டோரம் விட்டுப்போன நோட்டுகள்தான்.

"டைனிங் ஹால்ல பரிமாறுறவங்களுக்குக் குடு. கவர்ல போட்டு, பேர் எழுதி, கடைசி நாள் சாயங்காலம் நாலு பேர் பாக்காம குடு. முகத்தைப் பாத்து ஒரு தேங்க்ஸ் சொல்லு. ஆனா அந்த ரவி மாதிரி ஆளுக்கு வேணாம்."

"ஒரு மாசமா இதே பேச்சு. விட்டுத் தொலைங்களேன்" என்றபடி காபியோடு வந்தாள் அவர் மனைவி சொர்ணம்.

அவரால் விட முடியவில்லை.

கப்பலில் அவர்கள் ரூமைப் பார்த்துக்கொண்ட ரவி தூத்துக்குடிக்காரன், நாற்பது வயதிருக்கும். முதல் நாளே 'அண்ணாச்சி' என்று ஒட்டிக்கொண்டான். சொர்ணத்துக்கு முட்டி வலி என்று தெரிந்ததும், கேட்காமலே கால் நீட்டிக்கொள்ள ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான்.

"அண்ணாச்சியும் நம்ம லைன்தானா? அப்ப உங்களுக்குத் தெரியாததா! யாராவது நம்ம மேல ஒரு வார்த்தை எழுதிப் போட்டாப் போதும், அடுத்த காண்ட்ராக்ட் அம்போதான்."

அய்யாவுக்கு அது நன்றாகவே தெரியும். அன்று மத்தியானமே கருத்துச் சீட்டு ஒன்றை வாங்கி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி, 'ரவி நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர்' என்று எழுதிப் பெட்டியில் போட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பில்லில் ஏதோ தப்பு என்று கிரண் ரிசப்ஷனுக்குப் போயிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை நிம்மதியான சாயங்காலம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை.

மறுநாள் காலை ரவி, "குட் மார்னிங் சார்" என்றான்.

"அண்ணாச்சி எங்கப்பா போச்சு?" என்று சிரித்தார் அய்யாவு. அவன் சிரிக்கவில்லை. படுக்கை விரிப்பை மாற்றினான், குனிந்த தலை நிமிராமல் போய்விட்டான்.

கடைசி நாள் கவரை நீட்டியபோது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம் சார். நீங்க எழுதிக் குடுத்ததே போதும்."

"இருபது டாலர் தம்பி. அது அவனுக்குப் பத்தல" என்று பரத்திடம் சொன்னார் அய்யாவு. "நல்லதா நாலு வார்த்தை எழுதினேன், அதையே குத்திக் காட்டறான். நானும் தட்டு தூக்கினவன்தானே? கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன்."

பரத் கிரண் பக்கம் திரும்பினான். "மச்சா, இதில்லாம தினம் ஆளுக்குப் பதினாறு டாலர் சர்வீஸ் சார்ஜ்னு அவங்களே பில்லுல ஏத்திடறாங்களாமே? கட்டித்தான் ஆகணுமா?"

"சும்னே, தண்டத்துக்கு எதுக்குடா கட்டற?" கிரண் சிரித்தான். "ரிசப்ஷன்ல சொன்னா எடுத்துடுவாங்க. எங்க மூணு பேருக்கு எரநூத்தி நாப்பது டாலர். மூணாம் நாளே எடுக்க வெச்சுட்டேன்."

அய்யாவு காபி டம்ளரைக் கீழே வைத்தார். "டேய், அது அங்க வேலை செய்யறவங்களுக்குப் போற காசுடா."

"யாருக்குப் போவுதோ, யார் கண்டா? விடுங்கப்பா."

"கேட்ட உடனே எடுத்துட்டாங்களா மச்சா?" என்றான் பரத்.

"காரணம் கேப்பாங்க. ரூம் கிளீனா இல்ல, டவல் அழுக்கு, ரூம் பாக்கற ஆள் மரியாதையில்லாம பேசறான்னு ஒரு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

சொர்ணம் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். ரவி குனிந்துகொண்டே போனதற்கு இப்போதுதான் அய்யாவுக்கு அர்த்தம் புரிய ஆரம்பித்தது. முழுதாகப் புரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

"கிரண்..." பெற்ற மகனிடம் அப்படியொரு கெஞ்சும் குரலில் அவர் பேசியதே இல்லை. "அதை உன் பேர்லதானே எழுதிக் குடுத்த?"

கிரண் போனிலிருந்து நிமிராமலே சொன்னான்:

"ரூம் உங்க பேர்லதானேப்பா இருந்துச்சு, உங்க கையெழுத்தையே போட்டுட்டேன்."