கதவுக்கு வெளியே

சொந்த வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று, மகள் பொய் சொல்வதைத் தாய் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் சொன்னாள் பிரமசக்தி. சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி வந்தது.

"பள்ளிக்கூடம் போவேன். வந்து பாடம் படிப்பேன். பொறவு விளையாடுவேன்."

"பீடி மடக்குவியாம்மா?"

"இல்ல டீச்சர்."

வயது ஒன்பது. பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று கணக்கெடுக்க வந்த பெண்ணை அவளுக்கு டீச்சர் என்றுதான் கூப்பிடத் தெரிந்தது.

பிள்ளையிடம் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். உலகம் முழுக்க அதுதான் முறையாம்; எல்லா நாட்டிலும் இதே கேள்விகள்தானாம். இருப்பதோ ஒற்றை அறை. தாய்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

தெருவே வெயிலில் வந்து நின்றது.

காலையிலிருந்து அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. அவள் வருவதைப் பார்த்ததும் நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

அடுத்த வீட்டு உச்சிமாகாளிக்குத்தான் வாய் அதிகம்.

"வெள்ளைக்காரன் ஊர்ல பிள்ளையள் கொறஞ்சு போச்சாம். நம்ம பிள்ளையள எண்ண வந்துட்டாவ."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

"எண்ணிட்டுப் போயிருவாவ. நாளைக்கு இலையும் தூளும் நின்னு போச்சுன்னா இவுகளா வந்து உலை வைப்பாவ?"

பயம் அதுதான். எந்த வீட்டிலாவது பிள்ளை மடக்குகிறது என்று எழுதிவிட்டால், அந்தத் தெருவுக்கே பீடி இலையும் புகையிலைத் தூளும் கிடையாது என்று பீடிக் கம்பெனி ஏஜெண்ட் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தான். யார் பெயரும் வெளியே போகாது என்று அந்தப் பெண் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். தெரு நம்பவில்லை.

சுற்றுவது பெரியவர்கள். சுற்றிய பீடியின் வாயை உள்ளே தள்ளி மடக்குவது பிள்ளைகள். அதற்கென்றே வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர விடுவார்கள்.

அன்று விடிந்ததும் தாய் மகளின் அந்த நகத்தை வெட்டினாள். பதற்றத்தில் சதையோடு போய்விட்டது. அதன் மேலேயே எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, விரலில் ஏறியிருந்த மஞ்சள் கறையைப் போக்கினாள்.

பிள்ளை கத்தவில்லை.

பிறகு இருவரும் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள். பொய் தடுமாறாமல் வர வேண்டும் என்று.

செவ்வாய்க்கிழமை. அவள் விரதம் இருக்கும் நாள்.

உள்ளே பேச்சு நின்றது.

"கையைக் காட்டும்மா."

தாய் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

அந்தப் பெண் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆனது என்று கேட்கவில்லை. குனிந்து மெதுவாக ஊதினாள். தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டினாள். மறுபடி ஊதினாள்.

காலையில் தான் ஒருமுறைகூட ஊதவில்லை என்பது தாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"கழுத்து."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

பிரமசக்தி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க அம்மைக்கும் வலிக்கும். அவ யார்ட்டயும் சொல்லுததில்லலா."

தாய் கதவிடுக்கிலிருந்து கண்ணை எடுத்தாள்.

எல்லா நாட்டிலும் இதே கேள்விகள்தான் என்றாளே. அப்படியென்றால் எத்தனை வீடு. எத்தனை தாய்.

அந்தப் பெண் வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதும்மா."

"என்ன எழுதினிய?"

"பிள்ளை சொன்னதைத்தான். வேலை எதுவும் செய்யலைன்னு."

தாயின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். குறை எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"போயிட்டு வாங்க, கலெக்டரம்மா!" உச்சிமாகாளி முதுகுக்குப் பின்னால் கத்தினாள். "அடுத்த தடவ வந்தா ஒரு கட்டு பீடி தாரோம், இழுத்துக்கிட்டே எழுதுங்க!"

தெரு கைகொட்டிச் சிரித்தது. யாரோ தாயின் தோளில் தட்டினார்கள். நல்லாத்தான் வளத்திருக்க பிள்ளைய, என்றார்கள்.

பிழைத்துவிட்டோம் என்று உள்ளே போனாள்.

பிரமசக்தி பீடிச் சுளகை இழுத்து வைத்து ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். மடியைப் பீடிகளால் நிரப்பிக்கொண்டு தலை குனிந்திருந்தாள். நகம் இல்லாத விரலால், பிளாஸ்திரியோடு, பீடியின் வாயைத் தள்ளிப் பார்த்தாள். வழுக்கியது. திரும்பவும் தள்ளினாள்.

செய் என்று யாரும் சொல்லவில்லை.

பின்கழுத்தில் சின்னதாக ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

தாய் தெருவுக்கு ஓடிவந்தாள்.

"ஏம்மா! நில்லுங்க."

போய்க்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"அவ மடக்குவா. ஆறு வயசுலேருந்து மடக்குதா. இல்லன்னு சொல்லச் சொன்னது நான். மாத்தி எழுதிக்கிடுங்க."



"நாசமாப் போவ," என்று ஒரு குரல்.

இன்னொருத்தி அவள் காலடியில் காறித் துப்பினாள்.

ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. பிறகு இன்னொன்று. சற்று முன் தோளில் தட்டியவள் தன் மாமியாரையும் உள்ளே இழுத்துக்கொண்டு தாழ் போட்டாள். தெரு கடைசிவரை சாத்திக்கொண்டே போனது.

உச்சிமாகாளி மட்டும் போகவில்லை. இடுப்பில் கை வைத்து, அவளையே முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

வந்தபோது தனியாக வரவில்லை. ஏழு வயது மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே இவளை நோக்கி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது, உச்சிமாகாளி இவள் தோளோடு தோள் உரச நின்றுகொண்டிருந்தாள். மகளின் கையை விடவில்லை. அந்தக் கட்டைவிரலில் நகம் நீளமாக வளர்ந்திருந்தது.