அணில் வாங்கிய கடன்

தனி மரத்து அணில், பெருச்சாளியின் கிடங்கில் தான் போட்டுவைத்த வாதாங்கொட்டையெல்லாம் தீர்ந்துபோய்ப் பசியோடு நின்றது.

"உன் இருப்புக்கு மேல எடுத்தா, ஒரே ஒரு தடவை ஒரு கொட்டை அபராதம். எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றது பெருச்சாளி, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

காக்கையோ, "நான் தர்றேன். ஆனா தினம் ஒரு கொட்டை வட்டி. வீடு தேடி வந்து மானத்தை வாங்கிடுவேன்," என்றது.

அணில் கணக்குப் போட்டுப் பார்த்தது. பெருச்சாளிதான் மலிவு. ஆனால் தன் மரத்துக்கு யாரும் வந்து வெகுநாளாகியிருந்தது. காக்கையிடமே வாங்கியது.

காக்கை தினமும் வந்தது. திட்டித் தீர்த்துவிட்டு, கிளையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது.

வாதாமரம் மறுபடி காய்த்தது. அணிலின் பொந்து நிரம்பி வழிந்தது.

"என்னடா, அசல் எப்போ?" என்றது காக்கை.

அணில் வாலால் பொந்தை மறைத்துக்கொண்டது.

"இன்னைக்கு வட்டி மட்டும்தான் இருக்கு அண்ணே. நாளைக்கு வந்து பாருங்க."