முதுகுப் பாக்கெட்

முதுகில் பாக்கெட் கேட்டவர்களை மட்டாஞ்சேரி டெய்லர் யூசுப் பார்த்ததே இல்லை. வசந்தி வாய்தவறிச் சொல்லியிருப்பாள் என்று, அவள் கணவனின் பனியனுக்கு மார்பிலேயே பாக்கெட் வைத்துவிட்டார்.

“இக்கா, முதுகுலன்னு ரெண்டு தடவை சொன்னேனே!”

“லாரி ஓட்டுறவனுக்கு முதுகுல எதுக்கு மோளே? கள்ளனுக்குப் பயந்து பைசா வைக்கவா?”

வசந்தி ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இதை வைக்க. மல்லாந்து படுத்தா அவருக்குக் குறட்டையோட மூச்சும் நின்னு நின்னு வருது. லாரிக்கு லீவு போட்டாச்சு. மூச்சு மெஷின் வர ஒரு மாசமாகுமாம். அதுவரைக்கும் ஒருக்களிச்சே படுக்கணும்னாரு டாக்டர். பந்து குத்துனா தானா திரும்பிடுவாரு.”

யூசுப் அசந்துபோனார்.

“நல்ல புத்தி! இத்தனை நாளும் யாரு திருப்பிவிட்டது?”

“நான்தான். மூணு மாசமா.”

அப்போதுதான் அவளுடைய சிவந்த கண்களைக் கவனித்தார். அவசரக் கல்யாண ஜாக்கெட்டை ஒதுக்கிவிட்டு, பனியனின் தையலைப் பிரித்தார்.

“உக்காரு மோளே, இப்பவே தரேன்.”

பாதி தைத்துவிட்டு நிமிர்ந்தார். வசந்தி பெஞ்சிலேயே தூங்கியிருந்தாள்.

யூசுப் தையல் மெஷினை நிறுத்தினார். மீதியைத் தைக்கக் கையூசியில் நூல் கோத்தார்.