இரண்டாவது மணி

"அடிச்சுதுங்களா? பொறுங்க, இன்னொண்ணு வரும்" என்று கைபேசியை மேசை நடுவில் வைத்தார் கோபாலசாமி.

ஆறு வினாடி கழித்து அது மறுபடி அடித்தது.

"பாத்தீங்களா தம்பி. ஆர்.எஸ்.புரத்துல எங்க தெருவுக்குத் தண்ணி வந்திருக்குது. ஒரு தண்ணிக்கு எதுக்குங்க ரெண்டு மணி?"

உக்கடத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஞாயிறு காலைகளில் கூடும் கட்டற்ற மென்பொருள் குழு அது. பன்னிரண்டு பேரும் தல்ஹாவைப் பார்த்தார்கள். செயலி அவன் இரண்டு வருடமாக எழுதியது. தெருக்குழாயில் தண்ணீர் வந்ததை முதலில் பார்க்கிறவர் பொத்தானை அமுக்கினால், அந்தத் தெருக்காரர்கள் எல்லோருடைய கைபேசியிலும் மணி அடிக்கும். நிரலை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஏற்பதா வேண்டாமா என்பது மட்டும் தல்ஹாவின் பொறுப்பு.

"பார்க்கலாமுங்க" என்றான் தல்ஹா.

"மூணு மாசமா இதையேதானுங்க சொல்றீங்க. எங்கூட்டு லட்சுமி இப்பெல்லாம் முதல் மணிக்கு எந்திரிக்கறதே இல்லை. ரெண்டாவது அடிக்கட்டும்னு உக்காந்திருக்கறா."

எல்லோரும் சிரித்தார்கள், ரவிதேஜாவைத் தவிர. அவன் தன் மடிக்கணினியை மற்றவர்கள் பக்கம் திருப்பினான்.

"இங்க பாருங்க. மணி அடிக்கச் சொல்ற வரி ரெண்டு இடத்துல இருக்குது. ஒண்ணை எடுத்தாப் போதும், தீந்துது. இதுல, புதுசா வர்றவங்க யாராச்சும் திருத்தட்டும்னு புகார் மேல 'புதியவர்களுக்கு'ன்னு ஒரு சீட்டு வேற ஒட்டி வச்சிருக்கறான். சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேருதான்."

ரவிதேஜா தல்ஹா பக்கம் திரும்பினான்.

"சரி, இப்பவே நான் திருத்தி அனுப்பறேன். ஏத்துக்க."

"வேண்டாம் ரவி. அனுப்பினாலும் ஏத்துக்க மாட்டேன்."



"கேட்டீங்களா? எல்லாருக்கும் திறந்தது, எல்லாருக்கும் திறந்ததுன்னு காலேஜ் காலேஜாப் போய்ப் பேசறான். ஒருத்தன் கை வெச்சாக் கதவைச் சாத்தறான்." ரவிதேஜா மற்றவர்களைப் பார்த்தான். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இது சரியாகலீன்னா செயலியை நான் எடுத்து நடத்தறேன். சம்மதம்கறவங்க கை தூக்குங்க."

ஒன்பது கைகள். கொஞ்சம் தயங்கிக் கோபாலசாமியும் தூக்கினார்.

"சரிங்க" என்றான் தல்ஹா.

எல்லோரும் இறங்கிப் போனபின் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு வாரமாக வருகிறவர். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கீழே அழைப்பிதழ் அச்சடிக்க வந்தவர் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

"தம்பி, அந்தச் சீட்டு... புதியவங்கன்னா என்ன வயசு வரைக்குங்க?"

"வயசு எதுவும் போடலீங்களே அக்கா."

"என் பேரு தாஜுன்னிசா. கல்யாணத்துக்கு முன்னால புரோகிராமரா இருந்தேன். விட்டுப் பதிமூணு வருசமாச்சு. இப்ப இன்டர்வியூவுக்குப் போனா, சமீபத்துல என்ன செஞ்சீங்க, காட்டுங்கங்கறாங்க. பிள்ளைகளோட டிபன் பாக்ஸைத்தான் காட்டணும்." சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். "வர்ற மாசம் ஒரு இடத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதைத் திருத்தி நான் அனுப்பிப் பாக்கட்டுங்களா?"

"அனுப்புங்கக்கா."

"தப்பாப் போச்சுன்னா? உங்களுக்கு ஒரு வாரந்தான இருக்குது."

"தப்பா இருந்தா நான் சொல்றேன், மறுபடி அனுப்புங்க."

செவ்வாய்க்கிழமை முதல் திருத்தம் வந்தது. சோதித்துப் பார்த்துவிட்டுத் தல்ஹா எழுதினான்: 'இப்போது ஒரு மணியும் அடிக்கவில்லை அக்கா. இரண்டு வரியும் போய்விட்டது.'

புதன்கிழமை அடுத்தது. மணி ஒருமுறைதான் அடித்தது. ஆனால் பக்கத்துத் தெருவுக்கு அடித்தது.

வியாழக்கிழமை எதுவும் வரவில்லை. அன்று மத்தியானம் ரவிதேஜாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'இன்னும் மூணு நாள்.' தல்ஹா அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு தாஜுன்னிசாவுக்கு ஒரு வரி எழுதினான்: 'நேற்று அனுப்பியது கிட்டத்தட்ட சரி.'

வெள்ளிக்கிழமை மாலை மூன்றாவது திருத்தம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோபாலசாமி படியேறும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க தம்பி, நேத்துத் தண்ணி வந்துது. ஒருக்காதான் அடிச்சுது! லட்சுமி ரெண்டாவதுக்குன்னு உக்காந்தே இருந்தா. பாதித் தண்ணி போயே போச்சு. எனக்குத்தான் திட்டு."

சிரிப்பு அடங்க நேரமானது. திரையில் செயலிக்குப் பங்களித்தோர் பட்டியல் தெரிந்தது. கடைசியில் ஒரு புதுப் பெயர்: தாஜுன்னிசா. அவர் தன் கைபேசியில் அதைப் படம் எடுத்தார். சரியாக விழவில்லையோ என்று இன்னொரு முறையும் எடுத்தார்.

ரவிதேஜா எழுந்து கைதட்டினான். "அக்கா, பிரமாதம்!" பிறகு தல்ஹா பக்கம் திரும்பினான். "மூணு மாசமா உனக்கு முடியாதது. அக்கா ஒரே வாரத்துல முடிச்சுப்போட்டாங்க. வெக்கமா இல்லை உனக்கு?"

"இருக்குது" என்றான் தல்ஹா.

டீ வந்தது. எல்லோரும் தாஜுன்னிசாவைச் சுற்றி நின்று, எந்தக் கம்பெனி, எந்த வேலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தல்ஹா தன் மடிக்கணினியைத் திறந்தான். யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்த ஒரு திருத்தம் அதில் இருந்தது. அதே புகார், நீக்கியதும் அதே ஒரு வரி. தேதி, கோபாலசாமி முதன்முதலாகப் புகார் சொன்ன நாளின் மாலை.

அதை அழித்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டான்.