விமானத்துக்கு வியர்த்தபோது

உச்சி வெயிலில் தரையில் நின்றிருந்த விமானத்தின் வயிற்றில், குளிர்காற்று வண்டியின் மஞ்சள் குழாயை மாட்டினார் மெக்கானிக் ஜெரால்டு. விமானி அறையின் கணினித் திரைகளைச் சோதிக்கும் நாள் அது; சூடேறினால் அவை அணைந்துவிடும். தேறினால்தான் பறக்கலாம்.

விமானத்துக்கு மானமே போயிற்று.

"டேய் வண்டி, குழாயை எடு. மேகத்துக்கு மேலே நான் பார்க்காத குளிரா? பனிக்கட்டியே என்னைக் கண்டு நடுங்கும்."

"மேலே சரி. இப்போ தரையிலதானே நிக்கிறே?" என்றது வண்டி.

விமானம் இடுப்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. கழன்ற குழாய் துள்ளி ஆடி, ஜெரால்டின் தொப்பியை ஊதிப் பறக்கவிட்டது. அவர் தொப்பியைத் துரத்த, குழாய் அவரைத் துரத்தியது.

தொப்பி கிடைப்பதற்குள் விமானி அறை இட்லிப் பானையாகிவிட்டது. திரைகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. கடைசித் திரை, வானம் கீழே இருக்கிறது, தரை மேலே இருக்கிறது என்று உளறிவிட்டு அணைந்தது.

ஜெரால்டு எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு இது பறந்த மாதிரிதான்."

விமானத்துக்கு றெக்கை நுனி வரை வியர்த்தது. "வண்டியண்ணே," என்று குழைந்தது, "அந்தக் குழாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம்..."

குழாய் சமர்த்தாக ஜெரால்டின் கைக்கு வந்தது. அவர் மாட்டினார். கால் மணி நேரத்தில் திரைகள் கண் விழித்தன. வானம் மேலே போய்ச் சேர்ந்தது.

பக்கத்தில் வந்து நின்ற இன்னொரு விமானம் விசாரித்தது: "குழாயெல்லாம் மாட்டியிருக்கு, உடம்புக்கு என்னப்பா?"

"எனக்கென்ன? இந்த வண்டிதான் பாவம், வெயில்ல காய்ஞ்சுட்டிருந்துது. நான்தான் கூப்பிட்டு என் நிழல்ல நிக்கவெச்சேன்."