கரும்பாறை நனையும் முன்

"முனையைச் சுத்திப் போனா யாருமே வராத ஒரு கரை இருக்குமே, அதுக்கு இன்னும் வழி இருக்கா?"

அல்பியும் கிளெனிசும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, அவர்கள் இருவர் மேலும் இல்லை. சிட்னிக்குத் தெற்கே, செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே ஒளிந்து கிடக்கும் அந்தக் கரையில் துணியோடு வருகிறவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

வானம் மூடிக் கிடந்தது. தெற்குக் காற்று கிளம்பப் போகிறது என்று மற்றவர்களெல்லாம் மேலேறிப் போய்விட்டார்கள். பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீருக்காக இந்தத் தம்பதி மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

வழி சொல்வதென்றால் அல்பிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. இப்போது கடல் இறங்கியிருக்கிறது, தட்டைப் பாறைகள் மேலேயே நடந்து போய்விடலாம், பச்சையாக இருக்கிற கல்லில் மட்டும் கால் வைக்கக் கூடாது, அந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், நீந்தவே கூடாது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். முனையோரமாக நிற்கும் கரும்பாறையைக் காட்டினான்.

"அதோட அடியைத் தண்ணி தொட்டுதுன்னா உடனே திரும்பிடணும். அப்புறம் பின்னால செங்குத்துப் பாறை, முன்னால கடல். தப்பிக்க வழியே கிடையாது."

கிளெனிஸ் அவன் தொடையைக் கிள்ளினாள். "போன குளிர்காலத்துல வந்தவரும் இப்படித்தான் தனியா ஒரு இடம் கேட்டாரு," என்றாள் மெதுவாக.

அல்பியின் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு வந்தவருக்கும் வழி சொன்னது அவன்தான். அவர் திரும்பி வரவில்லை. மடித்து வைத்த துணிகள்தான் கிடைத்தன. பேரைக் கேட்காதே, ஊரைக் கேட்காதே, உடம்பை உற்றுப் பார்க்காதே என்பது அந்தக் கரையின் நாகரிகம். அதை அன்றைக்கு அவர்கள் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு கிளெனிசுக்கு நல்ல தூக்கமே இல்லை.

இந்த முறை கேட்காமல் விடுவதில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள். தன் துண்டை விரித்துப் பெரியவரை உட்கார வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். உட்காரத் துண்டுகூட இல்லாமல் வெறுங்கையோடு வந்திருந்தார். குதிகாலில் முள் கீறியிருந்தது. கண்ணில் பட்டதும் பழக்கதோஷத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் காரிலேயே விட்டுவிட்டு வந்தால் திருடனுக்கும் பயமில்லை, அலைக்கும் பயமில்லை, பெரியவர் பழைய ஆள்தான் என்று அல்பி மெச்சினான். பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"நீ துணி கட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடியே நாங்க இங்க அவுக்கக் கத்துக்கிட்டோம் தம்பி. அப்பல்லாம் போலீஸ்காரன் வருவான். நாங்க கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள உக்காந்துக்குவோம். கரையில நின்னு நின்னு கால் கடுத்து அவனே போயிடுவான்."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கிளெனிஸ் கேட்டேவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க பெரியவரே. மனசுல ஏதாவது பாரம் இருக்கா? திரும்பி வருவீங்கதானே?"

அவர் அவளை ஆதரவாகப் பார்த்தார்.

"வராம எங்கம்மா போவேன்? வீட்டுல என் சம்சாரம் டல்சி அடுப்புல ஆட்டுக்கறி வச்சிட்டுக் காத்துக்கிட்டிருப்பா. லேட்டாப் போனேன்னா, கடலுக்கு மிச்சம் வைக்க மாட்டா, அவளே கொன்னுடுவா."

கிளெனிசுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் ஒருத்தி திட்டுவதற்காகக் காத்திருக்கிறாள் என்றால் எந்த மனிதனும் கெட்டுப்போக மாட்டான். ஆனாலும் அல்பி விடவில்லை. தான் சொன்னதையெல்லாம் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னான். தட்டைப் பாறை, பச்சைக் கல், நீந்தக் கூடாது, கரும்பாறையின் அடியைத் தண்ணீர் தொட்டால் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார் பெரியவர். எழுந்து, கையை ஆட்டிவிட்டு, தடுமாறாமல் நடந்து முனைக்கு அப்பால் மறைந்தார்.

"இன்னிக்குத்தான் ஒரு மனுஷனை ஒழுங்கா விசாரிச்சு அனுப்பியிருக்கோம்," என்றாள் கிளெனிஸ். பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்டாற்போல் இருந்தது அவளுக்கு. அவர் திரும்புவதைப் பார்த்துவிட்டே கிளம்பலாம் என்று இருவரும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

காற்று வலுத்தது. கடல் ஏறத் தொடங்கியது. கரும்பாறையின் அடியில் முதல் நுரை படிந்தபோது, இதோ வந்துவிடுவார் என்றான் அல்பி.

அப்போது பின்னால் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டது. நடுவயதுப் பெண் ஒருத்தி ஒற்றையடிப் பாதையில் விழுந்தடித்து இறங்கி வந்தாள். கையில் ஆண்கள் பைஜாமா ஒன்றும் சட்டை ஒன்றும் இருந்தன.

"உடம்புல துணியில்லாம ஒரு வயசானவரு இந்தப் பக்கம் வந்தாரா? எங்கப்பா."

இங்கே வந்து இப்படிக் கேட்டால் யாரைச் சொல்வது என்று அல்பிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். கிளெனிஸ்தான் அவள் தோளைத் தொட்டுத் தேற்றினாள். ஆபத்தெல்லாம் விவரமாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறோம், எல்லாவற்றையும் அழகாகத் திருப்பிச் சொன்னார், சாப்பாட்டு நேரத்துக்குள் அம்மாவிடம் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார், பயப்படாதே என்றாள்.

அந்தப் பெண் பைஜாமாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு முனையைப் பார்த்தாள்.

"அம்மா செத்து நாலு வருஷமாச்சு. மேல எங்க வீட்டு வாசல்லயே இதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு வந்திருக்காரு. என்ன சொன்னாலும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல அப்பா நினைப்புல நிக்காதுங்க."